அறிவியல் பாடம் எடுக்காதவர்கள் முதுகெலும்பற்ற விலங்குகளைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்போடு உயிரியலுக்கு விடைகொடுத்துவிட்டு வணிகவியல், தமிழ், வரலாறு, கணினி என்று வேறு பக்கம் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். புழு, பூச்சி, நத்தை, நண்டு, சிலந்தி இவற்றின் மேல் ஆர்வம் இருக்கிறது, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே வாயில் நுழையாத பெயர்கள், உடனே மூடி வைத்துவிடுகிறோம். இந்த நிலையில் இருப்பவர்கள் நிறைய.

அறியப்பட்ட விலங்கு இனங்களில் 95 சதவீதத்துக்கும் மேல் முதுகெலும்பு இல்லாதவைதான். பூச்சிகள் மட்டுமே ஏறத்தாழ 10 லட்சம் இனங்கள் பெயரிடப்பட்டிருக்கின்றன. யானை, புலி, பறவை, பாம்பு, மீன் எல்லாம் சேர்ந்த முதுகெலும்புள்ள கூட்டம் இதற்குப் பக்கத்தில் மிகச் சிறியது. விலங்குகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அவர் பெரும்பாலும் இவற்றைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். நல்ல விஷயம் என்னவென்றால், இவை எல்லாம் உங்கள் வீட்டிலும் தெருவிலும் மீன் சந்தையிலும் இருக்கின்றன. காட்டுக்குப் போக வேண்டாம், ஆய்வகம் வேண்டாம், தொடக்கத்தில் வேதியியலும் வேண்டாம்.

நான் சொல்லும் வரிசை பாடப்புத்தக வரிசைக்கு நேர் எதிரானது. பாடப்புத்தகம் வகைப்பாட்டு அட்டவணையில் தொடங்கி உயிருள்ள பிராணிக்கு வரும். தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு அது சரி. ஆர்வத்துக்காகப் படிக்கிறவர்கள் பிராணியில் தொடங்கி அட்டவணைக்கு வர வேண்டும், அப்போதுதான் அந்தப் பெயர்கள் மனதில் தங்கும்.

முதல் படி: ஐந்து கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

எந்தப் பிராணியைப் பார்த்தாலும் இந்த ஐந்தையும் கேளுங்கள். எப்படிச் சாப்பிடுகிறது? எப்படி மூச்சு விடுகிறது? எலும்பு இல்லாமல் எப்படி நகர்கிறது? சுற்றி நடப்பதை எப்படி உணர்கிறது? எப்படி இனம் பெருக்குகிறது?

இவ்வளவுதான். விலங்கியல் பட்டப்படிப்பில் பல பருவங்களுக்கு நீளும் பாடமும் கடைசியில் இந்த ஐந்துக்கான விடைகள்தான். பெயர் என்ன என்ற கேள்வியை நான் வேண்டுமென்றே இதில் சேர்க்கவில்லை. பெயர் தெரிந்தவுடன் பலருக்குப் பார்ப்பது நின்றுவிடுகிறது. பெயரை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: ஒரே ஒரு அடிப்படைக் கருத்து, ஆனால் ஆழமாக

செல், திசு, உறுப்பு என்றால் என்ன என்று ஒன்பதாம் வகுப்பு அளவுக்கு நினைவிருந்தால் போதும். அதற்கு மேல் ஒரு கருத்தை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: பரவல். ஆக்சிஜன் அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குத் தானாகவே நகரும். ஆனால் உடலுக்குள் இப்படி வேகமாகப் பரவக்கூடிய தூரம் மிகக் குறைவு, தோராயமாக ஒரு மில்லிமீட்டர் அளவில் அடங்கிவிடும். உடல் அதைவிடத் தடிமனானால் நடுவில் இருக்கும் செல்கள் மூச்சுத் திணறும். முதுகெலும்பற்ற விலங்குகளின் உடல்கள் ஏன் இத்தனை விதமாக இருக்கின்றன என்பதில் பெரும்பகுதி இந்த ஒரு சிக்கலுக்கு ஒவ்வொன்றும் கண்டுபிடித்த வழிதான்.

தட்டைப்புழுவுக்கு ரத்த ஓட்டமே கிடையாது. அதனால்தான் அது தட்டையாக இருக்கிறது. எந்தச் செல்லும் மேற்பரப்பிலிருந்து தொலைவில் இல்லை. மண்புழு தடிமனானது, ஆகவே அதற்கு ரத்தக் குழாய்கள் தேவைப்பட்டன. அதன் ரத்தம் நம்முடையதைப் போலவே சிவப்பு, ஹீமோகுளோபினும் இருக்கிறது, ஆனால் அது சிவப்பணுக்களுக்குள் இல்லாமல் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலேயே கரைந்திருக்கிறது. நுரையீரல் கிடையாது, தோல் வழியாகத்தான் சுவாசம், அதனால்தான் அது எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், வெயிலில் காய்ந்தால் செத்துவிடும்.

கரப்பான் பூச்சி முற்றிலும் வேறு வழியில் போனது. அதன் உடலின் இரு பக்கமும் மொத்தம் பத்து ஜோடி சுவாசத்துளைகள். அங்கிருந்து கிளைவிட்டுப் போகும் நுண்ணிய மூச்சுக்குழல்கள் காற்றை நேராகத் திசுக்களுக்கே கொண்டுபோகின்றன. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய வேலையே இல்லை, அதனால் அது சிவப்பாகவும் இல்லை. தலை போன பிறகும் கரப்பான் சில நாள் உயிரோடு இருப்பதை நம்ப முடியாமல் பார்ப்போமே, அதற்கு இதுவும் ஒரு காரணம், மூச்சு விட அதற்குத் தலை தேவையில்லை.

நண்டுக்கும் இறாலுக்கும் செவுள்கள். சிலந்திக்குப் புத்தகத் தாள்களைப் போல அடுக்கிய நுரையீரல். வயலிலும் குளத்திலும் இருக்கும் பெரிய உருண்டை நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. தண்ணீரில் இருக்கும்போது ஒன்று, தண்ணீர் கெட்டாலோ வற்றினாலோ இன்னொன்று. இதை ஒரு மாலை உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். ஒரே சிக்கலுக்கு இத்தனை விடைகள். இது பிடித்துவிட்டால் பாடம் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்றே சொல்வேன்.

மூன்றாம் படி: வீட்டைச் சுற்றிப் பாருங்கள்

அடுத்த சில வாரங்களுக்குப் புத்தகம் வேண்டாம். கீழே சொல்வதில் உங்கள் வீட்டுக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலைச் செடியோ எலுமிச்சைச் செடியோ இருந்தால் அதுதான் மிகச் சிறந்த தொடக்கம். இளந்தளிர்களில் குண்டூசித் தலை அளவு முட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். எலுமிச்சைப் பட்டாம்பூச்சியும் அதன் உறவினங்களும் அங்கே முட்டையிடும். வெளிவரும் புழு முதலில் பறவை எச்சத்தைப் போல அழுக்குக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், எந்தப் பறவையும் திரும்பிப் பார்க்காது. பெரிதான பிறகு தோலுரித்துப் பச்சையாகிவிடும். பச்சைப் புழுவை ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சோ சிவப்போ நிறத்தில் கவட்டை போன்ற ஒன்றை நீட்டும், கூடவே காட்டமான வாடை அடிக்கும், எறும்புகளையும் சிறு எதிரிகளையும் விரட்டும் கருவி அது. கால்களையும் எண்ணிப் பாருங்கள். முன்பக்கம் மூன்று ஜோடி உண்மையான கால்கள், பின்னால் ஐந்து ஜோடி சதைக்கால்கள். பட்டாம்பூச்சியாகும்போது மிஞ்சுவது முன்னால் இருந்த மூன்று ஜோடிதான். முட்டையிலிருந்து சிறகு வரை ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும். சில சமயம் கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு குளவிகள் வரும். ஏமாற்றமாக இருக்கும்தான், ஆனால் மற்றப் பூச்சிகளின் உடலை உண்டு வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் என்ற மிகப் பெரிய உலகத்தை நேரில் பார்த்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குளியலறையில் பால் வெள்ளையாக ஒரு கரப்பான் எப்போதாவது தெரியும். நோய் வந்ததோ வேறு இனமோ இல்லை, அப்போதுதான் தோலுரித்து வெளியே வந்தது. சில மணி நேரத்தில் ஓடு கெட்டியாகிப் பழுப்பு நிறத்துக்குத் திரும்பிவிடும். உடலுக்கு வெளியே இருக்கும் கெட்டியான ஓட்டைப் புறச்சட்டகம் என்கிறோம். அது வளராது, அதனால் உள்ளே இருப்பது வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிய அந்தச் சில மணி நேரம் அந்தப் பிராணியின் வாழ்க்கையிலேயே ஆபத்தான நேரம்.

செத்த சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள், கால்கள் எல்லாம் உள்நோக்கி மடங்கிக் கிடக்கும். சிலந்திக் காலின் முக்கியமான மூட்டுகளில் மடக்கத்தான் தசை உண்டு, நீட்டுவதற்குத் தசை இல்லை. உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான் காலை நீட்டுகிறது. உயிர் போனால் அழுத்தம் போய்விடும், கால்கள் மடங்கிவிடும். நாம் எல்லோரும் பார்த்த ஒரு காட்சிக்குள் ஓர் உடலியல் பாடமே இருக்கிறது.

மழைக்காலம் என்றால் மரவட்டையும் பூரானும் தென்படும். உடல் வளையம் வளையமாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு வளையத்தையும் கண்டம் என்கிறோம். மரவட்டையில் பெரும்பாலான கண்டங்களுக்கு இரண்டு ஜோடிக் கால்கள், பூரானில் கண்டத்துக்கு ஒரு ஜோடிதான். மரவட்டை மக்கிய இலைதழைகளைத் தின்னும், தொட்டால் சுருண்டுகொள்ளும். பூரான் வேட்டைக்காரன், கடிக்கும், விஷமும் உண்டு, எனவே தள்ளி நின்றே பாருங்கள். விளக்கைச் சுற்றி ஈசல் வந்தால் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள், நான்கு சிறகுகளும் ஏறத்தாழ ஒரே நீளம். ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான். கறையானை வெள்ளை எறும்பு என்று சொன்னாலும் எறும்புக்கும் அதற்கும் நெருங்கிய உறவு இல்லை, மரபணு ஆய்வுகளின்படி அது கரப்பான் குடும்பத்துக்குள்ளேயே வருகிறது. எறும்போ குளவி, தேனீக்களின் சொந்தம்.

வீட்டு ஓரம் காய்ந்த புழுதி மண் இருந்தால் புனல் வடிவச் சிறு குழிகளைத் தேடுங்கள். குழியானையின் வேலை அது. அடியில் தாடையை விரித்துக் காத்திருக்கும் புழு, வழுக்கி விழும் எறும்பைப் பிடித்து அதன் உடலுக்குள் செரிமானச் சாறைச் செலுத்தி உறிஞ்சிக்கொள்ளும். அதன் குடல் பின்பக்கம் மூடியே இருக்கும், கழிவை எல்லாம் சேர்த்து வைத்திருந்து வளர்ந்து சிறகு வந்த பிறகுதான் வெளியேற்றும். வளர்ந்த பூச்சி மெலிந்த தும்பியைப் போல இருக்கும், இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மாமரம் இருந்தால் முசுறு எறும்பு இருக்கலாம், இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு. தைக்கும் நூல் எறும்பினுடையது அல்ல, அதன் புழுக்களுடையது. வேலைக்கார எறும்புகள் புழுவை வாயில் கவ்விக்கொண்டு இலை ஓரங்களில் அங்குமிங்கும் நகர்த்தும், புழு நூலை விடும். அந்தக் கூட்டத்தின் பக்கத்தில் ஒன்று மட்டும் நடை கொஞ்சம் வேறாக இருந்தால் கால்களை எண்ணுங்கள். எட்டு என்றால் அது எறும்பைப் போல வேடமிட்ட குதிக்கும் சிலந்தி. முன்னங்கால்களைத் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டு நடக்கும். துரத்தினால் நூலில் தொங்கித் தப்பிக்கும், எறும்பால் அது முடியாது.

நத்தையைக் கண்ணாடி மேல் விட்டு அடியிலிருந்து பார்த்தால் பாதத்தில் தசை அலைகள் நகர்வது தெரியும். நில நத்தையின் வலப்பக்கம் ஓட்டின் விளிம்பில் ஒரு துளை திறந்து மூடும், அதுதான் மூச்சுத் துளை. ஒரு எச்சரிக்கை: தோட்டங்களில் பெருகிக் கிடக்கும் பெரிய ஆப்பிரிக்க நத்தையை வெறும் கையால் தொடாதீர்கள், மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் உண்டாக்கக்கூடிய ஒட்டுண்ணிப் புழுவை அது சுமக்கலாம். கையுறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நான்காம் படி: மீன் சந்தையே உங்கள் ஆய்வகம்

அசைவம் சாப்பிடும் வீடு என்றால் இந்தப் படி பெரிய வரம். அறுத்துப் பார்ப்பதற்கென்று எந்த உயிரையும் தனியாகக் கொல்ல வேண்டியதில்லை, சமைக்க வாங்குவதைக் கொஞ்சம் நிதானமாகச் சுத்தம் செய்தால் போதும். சுத்தம் செய்து தரச் சொல்லாமல் முழுசாக வாங்குங்கள். இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

இறால். தலையும் மார்பும் ஒன்றாகச் சேர்ந்த ஓடு, பின்னால் கண்டம் கண்டமாக வயிறு. கண்கள் சிறு காம்புகளின் மேல் நிற்கும். உணர்கொம்பு இரண்டு ஜோடி, பூச்சிகளுக்கு ஒரு ஜோடிதான். நடக்கும் கால்கள் ஐந்து ஜோடி, வயிற்றின் அடியில் நீந்தும் கால்கள் ஐந்து ஜோடி. முதுகை ஒட்டி எடுக்கும் கறுப்புக் கோட்டை நரம்பு என்று பலர் சொல்வார்கள், அது குடல். உண்மையான நரம்பு வடம் வயிற்றுப் பக்கம் ஓடுகிறது, அடிப்பக்கச் சதையை மெதுவாகப் பிளந்தால் மெல்லிய வெண்ணூலாகத் தெரியும். நம்முடைய முதுகில் ஓடுவது அதற்கு வயிற்றில் ஓடுகிறது. வேகவைத்தால் சிவப்பாவது ஏன் தெரியுமா? அஸ்டாசாந்தின் என்ற செந்நிறமி முன்பே ஓட்டில் இருக்கிறது, ஒரு புரதம் அதைப் பிடித்துவைத்திருப்பதால் நிறம் மறைந்திருக்கிறது, சூட்டில் புரதம் சிதைந்ததும் சிவப்பு வெளியே வருகிறது.

நண்டைத் திருப்பிப் போடுங்கள். வயிற்றில் மடங்கியிருக்கும் மூடி குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். அந்த மூடிதான் இறாலின் நீண்ட வயிறு, நண்டில் சிறுத்து அடியில் மடங்கிவிட்டது. பெண் முட்டைகளை அதற்குள்தான் சுமக்கும். கடலில் நீந்தும் நண்டுகளின் கடைசிக் கால் ஜோடி துடுப்பு போலத் தட்டையாக இருக்கும். மேல் ஓட்டைப் பிரித்ததும் இரு பக்கமும் இறகு போலப் பஞ்சு போல ஒன்றைப் பிய்த்துப் போடுவோமே, அதுதான் செவுள். இறாலையும் நண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு உறுப்புக்கும் இணை எங்கே என்று தேடுங்கள். ஒரே உடல் திட்டம் எப்படி வளைந்து கொடுக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரியாது.

அடுத்தது கணவாய். ஊசிக் கணவாய் வாங்கினால் எட்டுக் கைகள், இரண்டு நீண்ட பற்றுக்கைகள், எல்லாவற்றிலும் உறிஞ்சிகள். கைகளின் நடுவில் கிளி மூக்கு போன்ற அலகு இருக்கும், எடுத்துப் பாருங்கள். உடலைப் பிளந்தால் மைப்பை, இரு செவுள்கள், முதுகுப் பக்கம் கண்ணாடிபோல் தெளிவான இறகு வடிவத் தகடு. அந்தத் தகடு அதன் முன்னோர்களுக்கு வெளியே இருந்த ஓட்டின் மிச்சம். ஓட்டுக் கணவாயில் அது தடித்த வெள்ளை ஓடாகவே இருக்கும், நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பதும் கிளிக் கூண்டில் வைப்பதும் அதுதான். கணவாய்க்கு மூன்று இதயங்கள், இரண்டு செவுள்களுக்கு ரத்தம் அனுப்பும், ஒன்று உடலுக்கு. ரத்தம் நீலம், இரும்புக்குப் பதிலாகத் தாமிரம் கொண்ட ஹீமோசயனின். உணவுக்குழாய் மூளையின் நடுவில் புகுந்து போகிறது, ஆகவே இரையைச் சின்னத் துண்டுகளாகக் கடித்துத்தான் விழுங்க முடியும். நத்தை, மட்டி, கணவாய் மூன்றும் ஒரே தொகுதி, அதாவது விலங்குலகின் ஒரே பெரும்பிரிவு, என்று புத்தகம் சொல்லும்போது சந்தேகமாக இருக்கும். அந்த உள் ஓட்டைக் கையில் பிடித்துப் பார்த்தவருக்கு இருக்காது.

சைவ வீட்டுக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். மண்புழு உரக் குழியிலிருந்து ஒரு புழுவை ஈரத் தாளில் வைத்து லென்ஸில் பாருங்கள், முதுகில் ரத்தக் குழாய் துடிப்பது தெரியும். பெரிய புழுவைக் கரடுமுரடான காகிதத்தில் விட்டுக் காதை வைத்துக் கேட்டால் மெல்லிய உரசல் கேட்கும், ஒவ்வொரு கண்டத்திலும் உள்ள நுண்முட்கள் காகிதத்தைப் பற்றும் சத்தம். பார்த்துவிட்டு ஈரம் காயும் முன் மண்ணில் விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: இப்போது அட்டவணை

விலங்குலகில் முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் உண்டு. தொடக்கத்தில் எட்டு போதும்.

துளையுடலிகள் என்பவை கடற்பஞ்சுகள், நரம்பு கூட இல்லாமல் தண்ணீரை வடிகட்டி வாழ்கின்றன. சொறிமீன், பவளம், ஹைட்ரா எல்லாம் குழியுடலிகள், கொட்டும் செல்கள் இவற்றின் அடையாளம். தட்டைப்புழுக்களில் நாடாப்புழு அடக்கம். குடலில் வரும் நாக்குப்பூச்சி உருளைப்புழு. மண்புழுவும் அட்டையும் வளைதசைப்புழுக்கள். நத்தை, மட்டி, சங்கு, கணவாய் மெல்லுடலிகள். பூச்சி, சிலந்தி, தேள், நண்டு, இறால், பூரான், மரவட்டை எல்லாம் கணுக்காலிகள், எல்லாத் தொகுதிகளிலும் மிகப் பெரியது. நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை முட்தோலிகள். கடல் அட்டைக்கும் ரத்தம் குடிக்கும் அட்டைக்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை.

இந்த எட்டையும் மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொன்றுக்கும் நீங்களே பார்த்த ஒரு பிராணியை எழுதுங்கள். பாதி காலியாக இருக்கும். பரவாயில்லை, இருக்கட்டும்.

ஆறாம் படி: குடும்ப மரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அறிவியல் படிக்காதவர்கள் மட்டுமல்ல, படித்தவர்களும் தடுமாறும் இடம் இது. கடற்பஞ்சில் தொடங்கி மனிதனில் முடியும் ஏணி என்று பரிணாமத்தை நினைத்துக்கொள்கிறோம். இன்று வாழும் கடற்பஞ்சு நம் முன்னோர் அல்ல, அதுவும் நம்மளவு காலம் பரிணமித்து வந்ததுதான். கிளைகள் எங்கே பிரிந்தன என்பதை மட்டும் பாருங்கள், எது மேலே எது கீழே என்பதில் அர்த்தம் இல்லை.

தலையும் மூளையும் இல்லாத நட்சத்திர மீன், புத்திசாலியான கணவாயைவிட நமக்கு நெருங்கிய சொந்தம். கருவளர்ச்சியின் தொடக்கமும் மரபணுக்களும் அதைத்தான் சொல்கின்றன. அப்புறம், மண்புழுவும் பூச்சியும் கண்டம் கண்டமாக இருப்பதால் நெருங்கிய உறவு என்று பழைய புத்தகங்கள் எழுதின. 1997இல் வந்த மரபணு ஆய்வு கணுக்காலிகளை உருளைப்புழுக்களோடு சேர்த்தது, இரண்டும் தோலுரித்து வளர்பவை. மண்புழுவோ நத்தை, கணவாய் பக்கம் போய்விட்டது. இரண்டு புத்தகங்கள் இரண்டு விதமாகச் சொன்னால் எந்த ஆண்டில் அச்சானது என்று பாருங்கள், பெரும்பாலும் விடை அங்கே இருக்கும்.

ஏழாம் படி: எதைப் படிப்பது, எந்த வரிசையில்

தமிழ்நாடு அரசின் பள்ளிப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் விலங்குலகப் பாடம், பிறகு பத்தாம் வகுப்பில் அட்டையின் உடலமைப்பு, அதன் பிறகு பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் மண்புழுவும் கரப்பானும். இந்த மூன்றையும் இதே வரிசையில் படியுங்கள். மூன்றாவதும் நான்காவதும் படிகளை முடித்துவிட்டு வந்தால், முன்பு வறண்டு தெரிந்த அதே பக்கங்கள் நீங்கள் பார்த்ததை விளக்கும் பக்கங்களாக மாறிவிடும்.

தமிழ் வழிப் புத்தகத்தையும் ஆங்கில வழிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து கலைச்சொல் பட்டியல் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். புரிந்துகொள்ளத் தமிழ் எளிது, ஆனால் மேற்கொண்டு தேடப் போகும் தகவல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சொற்கள் போதும், அதுவும் அன்றைக்குப் பார்த்த உயிருக்கு வேண்டியவை மட்டும்.

கடல் உயிர்களில் ஆர்வம் என்றால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இணையக் களஞ்சியம் ஒரு புதையல். 1947இல் தொடங்கி நீண்ட காலம் ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற ஊரிலேயே தலைமையகம் வைத்திருந்த நிறுவனம் அது, மன்னார் வளைகுடாவின் சங்கு, முத்துச்சிப்பி, இறால் பற்றிய பழைய அறிக்கைகளை எல்லாம் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முழுதும் புரியாது. முன்னுரையும் படங்களும் புரிந்தாலே நிறைய.

எட்டாம் படி: கருவிகளும் நோட்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று. வாங்க வேண்டியதில் இதுதான் முதல். கைபேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் அடுத்தது. இன்னும் ஆர்வம் வந்தால் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி இருக்கிறது, 140 மடங்கு பெரிதாகக் காட்டும். மழைக்காலத்தில் மதில் சுவரில் படரும் பாசியைக் கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து அந்தத் துளியைப் பார்த்தால், பொறுமை இருந்தால், எட்டுக் குட்டைக் கால்களோடு தள்ளாடி நடக்கும் நீர்க்கரடி என்ற நுண்ணிய பிராணியைப் பார்க்கலாம். குளத்து நீரில் இன்னும் நிறைய.

நோட்டில் தேதி, நேரம், இடம், வானிலை, பார்த்தது, ஒரு படம். படம் கைபேசியில் எடுப்பது வேறு, கையால் வரைவது வேறு, நான் சொல்வது வரைவதை. ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வரைய உட்கார்ந்தால்தான் கால் எந்தக் கண்டத்திலிருந்து புறப்படுகிறது என்ற கேள்வியே வரும்.

பெயர் கண்டுபிடிக்க ஐநேச்சுரலிஸ்ட் செயலி நல்லது. படம் ஏற்றினால் கணினி ஒரு ஊகம் சொல்லும், பிறகு உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சரிபார்ப்பார்கள். கணினியின் முதல் ஊகத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். நம் ஊர்ப் பூச்சிகளில் பலவற்றுக்குப் போதிய படங்கள் அதனிடம் இல்லை, வெளிநாட்டுப் பெயரைச் சொல்லிவிடும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று என்று மூன்று படங்கள் கொடுத்தால் சரிபார்ப்பவர்களுக்கு உதவியாக இருக்கும். பல சிலந்திகளையும் வண்டுகளையும் புகைப்படத்தை மட்டும் வைத்துச் சிற்றினம் வரை சொல்லவே முடியாது, உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நெருங்கிய சிற்றினங்களைச் சேர்த்த பிரிவான பேரினத்தோடு நின்றால் அதுவே நல்ல அடையாளம்.

கடற்கரைக்குப் போகும் முன்

அலை வற்றும் நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு போங்கள். ஈர மணலில் சின்னச் சின்ன மணல் உருண்டைகள் பரவிக் கிடந்தால் அருகிலேயே சிறு நண்டு வளை இருக்கும், மணலை வாயில் வைத்து அதில் ஒட்டியிருக்கும் உணவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உருட்டிப் போட்டிருக்கிறது. கரை ஒதுங்கிய சொறிமீனைச் செத்தது என்று நினைத்துத் தொடாதீர்கள், கொட்டும் செல்கள் அப்போதும் வேலை செய்யும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கடல் அட்டை 2001 முதல் பாதுகாக்கப்பட்டது, பவளங்களும் சில சங்கு, சிப்பி இனங்களும் அப்படித்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, விருப்பம்போல இறங்க முடியாது. பொதுவாகவே நான் சொல்வது, கரையிலிருந்து எதையும் எடுத்து வராதீர்கள். வெறும் ஓடுதானே என்று தோன்றும், சன்னியாசி நண்டுக்கு அது வீடு.

கடைசிப் படி: உங்கள் பாடத்தையே வாசலாக்குங்கள்

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். அறிவியல் படிக்காதது ஒரு குறை என்று தயங்குகிறோம். நீங்கள் படித்த பாடத்திலிருந்தே இங்கே வர வழி இருக்கிறது, விலங்கியல் மட்டும் படித்தவர்கள் பலர் அந்த வழியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வரலாறு படித்தவர் கொற்கை முத்துக் குளிப்பில் தொடங்கலாம். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய முதல் நூற்றாண்டுக் குறிப்பிலேயே பாண்டியர் முத்துக் குளிப்பு வருகிறது. முத்துச்சிப்பி எப்படி முத்தை உருவாக்குகிறது, சில ஆண்டுகள் சிப்பிகள் ஏன் காணாமல் போயின என்று கேட்டுக்கொண்டே போனால் மெல்லுடலிகளின் உடலியலும் சூழலியலும் தானாக வரும். தமிழ் படித்தவருக்கு முல்லைத் திணைப் பாடல்களில் மழைக்குப் பின் சிவப்பு வெல்வெட்டாக ஊர்ந்து வரும் மூதாய் இருக்கிறது, தம்பலப்பூச்சி என்று நாம் சொல்வது. பூச்சி என்று சொன்னாலும் எட்டுக் கால், சிலந்தி இனத்துக்கு உறவான உண்ணி வகை. அதன் குஞ்சுகளுக்கு ஆறு கால்தான், வெட்டுக்கிளி போன்றவற்றின் மேல் ஒட்டி வாழ்ந்துவிட்டுப் பிறகு மண்ணுக்கு வரும். உளவியல் மாணவருக்கு எரிக் காண்டெல் இருக்கிறார். நினைவு எப்படிப் பதிகிறது என்பதைக் கடல் முயல் என்ற, வெளியே ஓடில்லாத கடல் நத்தையின் பெரிய நரம்பு செல்களில் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றவர். வணிகவியலுக்கு இறால் பண்ணைகளும், பூச்சிகள் தரும் பட்டும் அரக்கும், சட்டத்துக்கு மேலே சொன்ன கடல் அட்டை.

வாசலைத் தேர்ந்தெடுத்த பிறகு ஒரே ஒரு கூட்டத்தோடு ஓர் ஆண்டு இருங்கள். எறும்பு, குதிக்கும் சிலந்தி, நத்தை, தும்பி, எதுவாக இருந்தாலும் சரி, உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஆண்டு முழுக்கக் கிடைப்பதாக இருக்க வேண்டும், அதுதான் ஒரே நிபந்தனை. சித்திரை வெயிலில் எங்கே ஒளிகின்றன, ஐப்பசி மழையில் எப்போது பெருகுகின்றன, எந்தச் செடியில், யாருக்கு இரையாக என்று எழுதிக்கொண்டே வாருங்கள். நம் ஊரில் மிகச் சாதாரணமான பல இனங்களுக்குக் கூட இப்படி ஓர் ஆண்டுக் குறிப்பு யாரும் எழுதி வைத்ததில்லை. நீங்கள் எழுதியதைத் தேதியோடும் இடத்தோடும் ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றினால் அந்த இனத்தை ஆராய்பவர்கள் எடுத்துப் பயன்படுத்துவார்கள், சில சமயம் உங்களுக்கே எழுதிக் கேள்வி கேட்பார்கள். அப்படி ஒரு கேள்வி வரும்போது தயங்காமல் பதில் எழுதுங்கள், அந்த உயிரை அந்த இடத்தில் பார்த்தவர் நீங்கள்தான்.